அபுதாபி டிஸ்னிலேண்டில் என்னென்ன வரும்? எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்விகளும் என் ஊகங்களும்

2025 மே 7-ஆம் தேதி அபுதாபியில் டிஸ்னிலேண்ட் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்று ராத்திரியே, முசஃபாவில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் வீடியோ காலில் வந்தார். “மக்கா, கேட்டியா, இனி அமெரிக்காவுக்கெல்லாம் போக வேண்டாம், பிள்ளைகளைக் கூட்டிட்டு இங்க வந்தா போதும்.” நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்குள் அந்த ஒரு வாக்கியம் போட்ட சத்தம் இன்னும் அடங்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் கல்ஃபில் ஒருத்தராவது இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும், தீம் பார்க் விஷயங்களைப் பல வருடமாக விடாமல் படித்து வருகிற என்னிடம் எல்லாரும் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நிறுவனம் சொன்னது எது, நான் ஊகிப்பது எது என்று அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

உறுதியாகச் சொல்லப்பட்டது என்ன?

இடம் யாஸ் தீவு, அதில் கடற்கரையை ஒட்டிய பகுதி. கட்டுவதும் பணம் போடுவதும் நடத்துவதும் மிரால் என்ற அபுதாபி நிறுவனம். வடிவமைப்பும் மேற்பார்வையும் டிஸ்னியுடையது, அவர்களுக்கு ராயல்டி போகும். உலகத்தில் இது ஏழாவது டிஸ்னி ரிசார்ட், மத்தியக் கிழக்கில் முதலாவது. அதற்கு முந்தைய ஆறு: கலிபோர்னியா (1955), புளோரிடா (1971), டோக்கியோ (1983), பாரிஸ் (1992), ஹாங்காங் (2005), ஷாங்காய் (2016).

அப்போது டிஸ்னியின் தலைவராக இருந்த பாப் ஐகர் அந்த அறிவிப்பில் சொன்ன ஒரு விஷயம் முக்கியம்: இது அசலான டிஸ்னியாகவும் இருக்கும், தெளிவான எமிராட்டித் தன்மையோடும், அதாவது அமீரக மண்ணின் தன்மையோடும், இருக்கும் என்றார். ஷாங்காய்க்கும் இதே மாதிரிதான், அசல் டிஸ்னி, தெளிவான சீனத்தன்மை என்று சொன்னார்கள். ஷாங்காயில் அதை எப்படிச் செய்து காட்டினார்கள் என்று பார்த்தால் அபுதாபிக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

எந்தெந்த லேண்ட், எந்தெந்த ரைடு என்று அந்த அறிவிப்பில் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை.

லேண்ட் என்றால் என்ன? பிளாட்டா?

இதைக் கேட்டது என் அத்தை, நியாயமான கேள்விதான். தீம் பார்க்கை ஒரு ஊர் என்று வைத்துக்கொண்டால் லேண்ட் என்பது அதில் ஒரு தெரு மாதிரி. அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் கட்டிடம், கடை, சாப்பாடு, பாட்டு, குப்பைத்தொட்டி வரைக்கும் எல்லாமே ஒரே கதையைச் சேர்ந்ததாக இருக்கும். ஒரு லேண்டில் நின்றுகொண்டு பார்த்தால் அடுத்த லேண்ட் கண்ணில் படாத மாதிரி கட்டுவார்கள். திருவிழாவில் பெரிய ராட்டினமும் பக்கத்தில் மரணக்கிணறும் அதற்குப் பக்கத்தில் அப்பளக் கடையும் வருமே, அது பொருட்காட்சி. அதுவும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்கு லேண்ட் கிடையாது.

எப்போது திறக்கும்?

வடிவமைக்க ஒன்றரை வருடம் முதல் இரண்டு வருடம், அதற்குப்பின் கட்ட ஐந்து வருடம் போல ஆகும் என்று ஐகர் சொன்னார். கூட்டிப் பார்த்தால் 2030-களின் தொடக்கம். யாராவது அதற்கு முன்னால் ஒரு தேதி சொன்னால் நம்ப வேண்டாம்.

அபுதாபி வெயிலில் யார் போய் நிற்பது?

இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி. எந்தப் படம் வரும், எந்த இளவரசி வருவாள் என்று எல்லாரும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்தப் பார்க்கின் உருவத்தைத் தீர்மானிக்கப்போவது நிழல் எங்கே விழுகிறது என்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மே மாதம் பதினொரு மணிக்கு, விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகுக்காக நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரும்புக் கம்பியில் கை வைத்தால் சுடும், தோளில் சாய்ந்த பிள்ளையின் தலை வேர்த்து நம் சட்டையில் ஒட்டும், பாட்டிலில் இருக்கும் தண்ணீர் வெந்நீராகிவிடும். படகுச் சவாரி சில நிமிடம்தான். நமக்காவது கடல்காற்று உண்டு. அபுதாபியில் கோடையில் நாற்பது டிகிரிக்கு மேல் போகும், காற்றும் சூடாகத்தான் வரும், ராத்திரியிலும் புழுக்கம் குறையாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது, அங்கே கட்டுமான வேலையில் இருக்கும் நம் ஆட்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

டிஸ்னிக்கு வெயில் புதிதில்லை. 1955 ஜூலை 17, கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்ட் திறந்த நாளில், அப்போதுதான் போட்ட தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. பிளம்பர்கள் வேலைநிறுத்தம் வேறு நடந்து முடிந்திருந்ததால் குடிதண்ணீர்க் குழாய்களும் குறைவு. அந்த நாளில் பட்ட பாட்டை அந்த நிறுவனம் மறக்கவே இல்லை. டோக்கியோவில் மழை அதிகம் என்று நுழைவுத் தெரு முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டு அதற்கு வேர்ல்ட் பஜார் என்று பெயர் வைத்தார்கள். பாரிஸில் நுழைவுத் தெருவின் ரெண்டு பக்கமும் கடைகளுக்குப் பின்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு, மழையோ குளிரோ வந்தால் அதன் வழியாகவே உள்ளே போய்விடலாம். ஊரின் வானிலையைப் பார்த்துத்தான் பார்க்கின் முதுகெலும்பையே வைக்கிறார்கள் என்பதற்கு இந்த ரெண்டும் போதும்.

அப்படியானால் முழுப் பார்க்கும் ஏசிக்குள் இருக்குமா?

அதே யாஸ் தீவில் 2018-இல் திறந்த வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட் முழுக்க முழுக்கக் கூரைக்குள்தான் இருக்கிறது. 2010-இல் வந்த ஃபெராரி வேர்ல்டும் பெரும்பாலும் அந்தச் சிவப்புக் கூரைக்குக் கீழேதான். கூரைக்குள் போட்டுவிடுவது சுலபமான விடை. ஆனால் டிஸ்னிக்குக் கோட்டை வேண்டும், கோட்டைக்குப் பின்னால் வானம் வேண்டும், ராத்திரி ஒன்பது மணிக்கு வாணவேடிக்கை வேண்டும். கூரைக்குள் இதெல்லாம் நடக்காது.

என் ஊகம்: கலந்துதான் வரும். பெரிய ரைடுகள், அவற்றுக்கான கியூ, சாப்பாட்டுக் கூடங்கள் எல்லாம் ஏசிக்குள். ஒரு லேண்டிலிருந்து இன்னொரு லேண்டுக்குப் போக நிழல் தெருக்கள். கோட்டை முன்னால் மட்டும் திறந்த முற்றம், பொழுது சாய்ந்தபின் அங்கே கூட்டம் கூடும். கோடையில் பார்க் சாயங்காலம் திறந்து நடுராத்திரி தாண்டி மூடினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

புளோரிடாவில் டம்போ என்ற பறக்கும் யானை ராட்டினத்துக்கு 2012-இல் ஒரு வழி செய்தார்கள். வரிசையில் நிற்கிற பிள்ளைகளை ஏசி போட்ட சர்க்கஸ் கூடாரத்துக்குள் விட்டு, கையில் ஒரு பேஜரைக் கொடுத்து, அது அடிக்கும் வரை விளையாடு என்று விட்டுவிட்டார்கள். அப்பா அம்மா உட்கார்ந்திருக்கலாம். அபுதாபியில் எல்லாக் குழந்தை ரைடுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வரும் என்று எதிர்பார்க்கிறேன், வரவில்லையென்றால் அது பெரிய குறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் செங்குத்தான மரப்படி ஏறி மந்திரசாலைக்குள் வந்ததும், அந்தக் கறுத்த வழுவழுப்பான தரை உள்ளங்காலில் குளிர்ச்சியாகப் படும். சரிந்த மரச்சட்டங்களின் இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும், ஆனால் வெயில் உள்ளே வராது. ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது. வளைகுடாவில் இதையே பர்ஜீல் என்ற காற்றுக் கோபுரத்தால் செய்தார்கள். வீட்டின் மேல் நாலு பக்கமும் திறந்த கோபுரம், மேலே போகிற காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். எமிராட்டித் தன்மை என்று டிஸ்னி சொல்வதில் உண்மை இருந்தால் அந்தக் கோபுரங்களை அலங்காரத்துக்கு நிறுத்தாமல், காற்று இறங்குகிற மாதிரியே கட்ட வேண்டும். இது என் ஊகம் மட்டுமில்லை, என் ஆசையும் கூட.

கோட்டை யாருடையது? சிண்ட்ரெல்லாவா?

அறிவிப்போடு வந்த படத்தில் இருந்தது பழைய ஐரோப்பியக் கோட்டை இல்லை. கண்ணாடி மாதிரி மின்னுகிற, திருகிக்கொண்டு மேலே போகிற நவீனக் கோபுரம். எந்த இளவரசிக்கும் சொந்தம் என்று சொல்லவில்லை. ஷாங்காயிலும் ஹாங்காங்கின் புதுக் கோட்டையிலும் ஒரே இளவரசிக்கு என்று இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாக வைத்தார்கள், இங்கேயும் அப்படியே வரும் என்பது என் ஊகம்.

இடத்துக்கு ஏற்ப இவர்கள் எவ்வளவு வளைந்து கொடுப்பார்கள் என்பதற்கு ஒரு கதை. ஹாங்காங்கில் ஃபெங் சுய் பார்க்கும் நிபுணரைக் கேட்டு, பார்க்கின் வாசலையே 12 டிகிரி திருப்பினார்கள். நம் ஊரில் வீடு கட்டும்போது வாசல் எந்தப் பக்கம் என்று வாஸ்து பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அலாவுதீன் கண்டிப்பாக வருவான்தானே?

எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. டிஸ்னியின் அலாவுதீன் நடப்பது அக்ரபா என்ற கற்பனை ஊரில். வெளியிலிருந்து பார்த்து, அராபியா என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வரைந்த ஊர் அது. 1992-இல் படம் வந்தபோது தொடக்கப் பாட்டின் ஒரு வரியை அமெரிக்க அரபு அமைப்பு ஒன்று எதிர்த்து, அடுத்த வருடம் வீடியோவில் வந்தபோது அந்த வரியை மாற்றினார்கள். அரபு மண்ணிலேயே, அரபு நிறுவனத்தின் பணத்தில் கட்டும்போது அந்தக் கற்பனை அராபியாவை அப்படியே தூக்கி வைப்பார்களா? நம் ஊரில் யாராவது வந்து தமிழ்நாடு என்று பாம்பாட்டியையும் யானையையும் மட்டும் வைத்து ஒரு பார்க் கட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

அலாவுதீன் ஒரு ராட்டினமாகவோ மேடை நிகழ்ச்சியாகவோ வரலாம். முழு லேண்ட் அவன் பெயரில் வராது என்று நினைக்கிறேன். சிந்துபாத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். டோக்கியோ டிஸ்னிஸீயில் ஏற்கனவே சிந்துபாத் படகு ரைடு இருக்கிறது, அங்கே போனவர்கள் பலரும் அதை ஒரு ரத்தினம் என்பார்கள். கடலோடி, வியாபாரி, தீவுக்குத் தீவு போகிறவன். யாஸ் தீவும் கடற்கரையில்தான் இருக்கிறது.

அப்படியானால் எமிராட்டித் தன்மை எதில் வரும்?

முத்தில் வரும் என்று ஊகிக்கிறேன். எண்ணெய் வருவதற்கு முன்னால் அந்தக் கரைகளுக்குச் சோறு போட்டது முத்துக்குளிப்பு. 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையைப் பிடித்தபோது அந்தத் தொழிலே சரிந்தது. குளிப்பவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான், மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் இருப்பான், கயிறு அசைந்ததும் தூக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் நம் பக்கத்து ஆட்களும் காலம்காலமாக இப்படித்தான் முத்துக் குளித்தார்கள். கொற்கை முத்தைப் பற்றிச் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. குமரியில் இருக்கிற நமக்கு அந்தக் கதை அந்நியம் இல்லை.

யாஸ் வாட்டர்வேர்ல்டின் கதையிலும் தானா என்ற எமிராட்டிச் சிறுமி முத்தைத் தேடிப் போவதாகத்தான் வைத்திருக்கிறார்கள், அது 2013-இலேயே வந்தது. பக்கத்துப் பார்க்கில் வந்துவிட்டதே என்று டிஸ்னி விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் டிஸ்னியின் கையில் இருக்கும் கருவி வேறு. ஷாங்காயில் கடற்கொள்ளையர் ரைடு ஒன்று இருக்கிறது. தண்ணீரில் மிதக்கிற படகைக் காந்தத்தால் கட்டுப்படுத்தி, வேண்டிய பக்கம் திருப்புவார்கள், பக்கவாட்டிலும் பின்னோக்கியும்கூடக் கொண்டுபோவார்கள். ரெண்டு பக்கமும் பிரம்மாண்டமான திரை, நடுவில் நிஜமான கப்பல் செட். ஒரு கட்டத்தில் படகு கடலின் அடியாழத்துக்கு இறங்குகிற மாதிரியே இருக்கும், உண்மையில் படகு இருந்த மட்டத்திலேயே இருக்கும். இந்த முறையில் ஒரு முத்துக்குளிப்பு ரைடு செய்தால் எப்படி இருக்கும்! இறங்கும்போது சத்தமெல்லாம் அடங்கி நம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க வேண்டும், மேலே கயிறு ஒன்று வெளிச்சத்துக்குள் போய் மறைய வேண்டும், சிப்பியைத் தொடப்போகிற நேரத்தில் கயிறு அசைய வேண்டும். இது வந்தால் முதல் நாளே டிக்கெட் எடுப்பேன்.

பாலைவனத்தில் ஃப்ரோசனா? பனிக்கட்டி இளவரசிக்கு அங்கே என்ன வேலை?

இது கண்டிப்பாக வரும். என் ஊகங்களில் நான் அடித்துச் சொல்வது இதை ஒன்றைத்தான். ஹாங்காங்கில் 2023 நவம்பரில் முழு ஃப்ரோசன் லேண்ட் திறந்தார்கள், டோக்கியோவில் 2024 ஜூனில் வந்தது, பாரிஸிலும் அதற்கென்று ஒரு லேண்ட் கட்டினார்கள். ஒரு லேண்டை வரைந்து, பொம்மைகளைச் செய்து, எங்கே கோளாறு வரும் என்று பார்த்து முடித்தபின் அடுத்த ஊரில் கட்டுவதற்கு நேரமும் செலவும் குறையும். அப்புறம், நாற்பத்தைந்து டிகிரி வெயிலிலிருந்து கதவைத் திறந்து பனி ஊருக்குள் போகிற சுகத்தை வேறு எந்தக் கதையும் கொடுக்காது. திருநெல்வேலி போய்விட்டு ஆரல்வாய்மொழி கணவாய்க்குள் நுழையும்போது வருமே ஒரு காற்று, “வந்துட்டோம்” என்று பஸ்ஸில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்களே, அதைப் போல நூறு மடங்கு.

ஸ்டார் வார்ஸ்?

பாலைவனம், விண்கலம் என்று பொருத்தம் தானாகவே அமைகிறது. 2015-இல் வந்த படத்தின் ஜக்கூ என்ற பாலைவனக் கிரகக் காட்சிகளை அபுதாபியின் மணல்மேடுகளில்தான் எடுத்தார்கள். ஆனால் கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் 2019-இல் வந்த ஸ்டார் வார்ஸ் லேண்ட் வெட்டவெளியில் பரந்து கிடக்கிறது. அப்படியே இங்கே வராது. ஒரே ஒரு பெரிய உள்ளரங்க ரைடாக வரலாம்.

மார்வெல் ஹீரோக்கள்?

இதில் சிக்கல் இருக்கிறது. யாஸ் தீவில் வார்னர் பார்க்குக்குள் ஏற்கனவே மெட்ரோபோலிஸும் கோதமும் இருக்கின்றன, அதாவது சூப்பர்மேனும் பேட்மேனும். அந்தப் பார்க்கும் மிராலுடையதுதான். துபாயில் 2016-இல் திறந்த ஐஎம்ஜி வேர்ல்ட்ஸில் மார்வெலுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. டிஸ்னி தன் சொந்த ஹீரோக்களை விட்டுவிடாது, ஆனால் திறக்கும் நாளிலேயே மார்வெல் லேண்ட் வருமா என்றால், இரண்டாம் கட்டத்தில்தான் என்பது என் எண்ணம்.

பேய் பங்களா ரைடு இருக்குமா?

பேய் இருக்காது, பங்களா இருக்கலாம். சீனர்கள் முன்னோர்களின் ஆவியை வேடிக்கைப் பொருளாகப் பார்ப்பதில்லை என்பதால் ஹாங்காங்கில் வழக்கமான பேய் மாளிகைக்குப் பதிலாக 2013-இல் மிஸ்டிக் மேனர் கட்டினார்கள். கதை இதுதான்: ஊர் ஊராகப் போய் அபூர்வப் பொருள் சேர்க்கிற ஒரு பிரபு, அவருடைய குரங்கு, குரங்கு திறந்துவிடும் ஒரு மந்திர இசைப்பெட்டி. பெட்டியிலிருந்து இசை ஒளியாகக் கசிந்து ஒவ்வொரு பொருளுக்கும் உயிர் கொடுக்கும். வண்டிக்குத் தண்டவாளமே கிடையாது, அறைக்கு அறை தானாக வழி பிரிந்து போகும். அந்தப் பார்க்கின் சிறந்த ரைடு அதுதான் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஊர்ப் பழக்கத்தை மதித்து மாற்றப்போய் அசலைவிட நல்ல ரைடு கிடைத்த இடம் அது. அபுதாபிக்கும் இந்த மாதிரி ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறேன்.

வேகமான ரோலர் கோஸ்டர் வருமா?

வேகத்துக்குப் பக்கத்துப் பார்க்கே இருக்கிறது. ஃபெராரி வேர்ல்டின் ஃபார்முலா ரோஸா மணிக்கு 240 கிலோமீட்டர், ஐந்து வினாடிக்குள் அந்த வேகத்தைத் தொடும், மணல் கண்ணில் படாமல் இருக்கக் கண்ணாடி கொடுப்பார்கள். டிஸ்னியின் பெரிய கோஸ்டர்கள் பலவும் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு உள்ளேதான். அவர்கள் அந்தப் போட்டிக்கே வருவதில்லை, இருட்டையும் கதையையும் வைத்துத்தான் வேலை காட்டுவார்கள். என் ஊகம், ஷாங்காயின் டிரான் மாதிரி, பைக்கில் குனிந்து உட்கார்ந்து ஓட்டுகிற உள்ளரங்கக் கோஸ்டர் ஒன்று வரும்.

இந்தியக் கதை ஏதாவது வருமா? தமிழ்?

இதைக் கேட்காதவர்களே இல்லை. ஆசையில் கேட்கிறார்கள், நானும் ஆசையில்தான் பதில் சொல்கிறேன். உலக மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அமீரகத்திலிருந்து நாலு மணி நேர விமானப் பயண தூரத்துக்குள் இருக்கிறது என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். அதில் பெரிய கூட்டம் யார்? நாம்தான். அமீரகத்திலேயே வசிப்பவர்களிலும் இந்தியர்கள்தான் மிகப் பெரிய கூட்டம். இதைக் கணக்கில் எடுக்காமல் எந்த நிறுவனமும் கல்லைக்கூட நடாது.

புளோரிடாவின் அனிமல் கிங்டமில் ஆனந்தபுர் என்ற கற்பனை ராஜ்ஜியம் இருக்கிறது, இந்தியா, நேபாளம் எல்லாம் கலந்த ஊர். இமயமலை ரயில் கோஸ்டரும் அங்கேதான். பறக்கிற சோரின் ரைடில் தாஜ்மகாலுக்கு மேலே போவார்கள். ஜங்கிள் புக் வேறு கையில் இருக்கிறது. அதனால் காட்டுக் கதையாகவோ பறக்கும் காட்சியாகவோ இந்தியா வரும். தனி லேண்ட் வருமா என்றால், துபாயில் 2016-இல் திறந்த பாலிவுட் பார்க்ஸ் 2023-இல் மூடப்பட்டதைப் பார்த்தவர்கள் யோசிப்பார்கள்.

தமிழ் எனக்கு வேறு இடத்தில் வேண்டும். அறிவிப்புப் பலகையில், பாதுகாப்புச் சொற்களில், காதில் மாட்டுகிற மொழிபெயர்ப்புக் கருவியில். என் அம்மா ரைடில் உட்காரும்போது “கைகளை உள்ளே வையுங்கள்” என்று தமிழில் கேட்டால் அந்த ஒரு நிமிடம் போதும் எனக்கு.

வாட்ஸ்அப்பில் முழு ரைடு லிஸ்ட், வரைபடம் எல்லாம் வந்திருக்கிறதே?

விட்டுத் தள்ளுங்கள். படம் யார் போட்டது என்று முதலில் பாருங்கள். டிஸ்னியோ மிராலோ போட்டதில்லை என்றால் அது யாரோ ரசிகர் ஆசையாக வரைந்தது, இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் உண்டாக்கியது. நிறுவனமே வரைந்து காட்டியதுகூட வராமல் போவதுண்டு. புளோரிடாவில் மேரி பாப்பின்ஸ் ரைடு ஒன்றை 2019-இல் மேடையில் அறிவித்தார்கள், கொரோனா வந்ததும் அது நின்றுபோனது.

அப்படியானால் பார்க்கே வராமல் போகலாமா?

போகலாம், இதை மறைக்கக் கூடாது. வர்ஜீனியாவில் 1993-இல் அறிவித்த டிஸ்னி பார்க்கை உள்ளூர் எதிர்ப்பால் அடுத்த வருடமே கைவிட்டார்கள். துபாயில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வருகிறது என்று சொல்லி ரோட்டோரத்தில் வாசல் வளைவு மட்டும் கட்டினார்கள், பின்னால் பார்க் வரவே இல்லை. அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அந்த வளைவு நினைவிருக்கும். சிக்ஸ் ஃபிளாக்ஸ் துபாயும் 2019-இல் ரத்தானது.

அபுதாபி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். மிரால் அந்தத் தீவில் ஃபெராரி, வாட்டர்வேர்ல்ட், வார்னர், 2023-இல் சீவேர்ல்ட் என்று நாலைக் கட்டி முடித்து நடத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் திறந்த நாளில் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹாங்காங் சின்னதாகத்தான் திறந்தது, பெரிய லேண்டுகள் 2011 முதல்தான் ஒவ்வொன்றாக வந்தன.

அங்கே வேலை கிடைக்குமா? ஏஜெண்ட் ஒருத்தர் இப்போதே பணம் கேட்கிறார்.

ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். தயவுசெய்து. பார்க் திறக்கவே பல வருடம் இருக்கும்போது ரைடு ஆப்பரேட்டர் வேலைக்கு யாரும் இப்போது ஆள் எடுக்க மாட்டார்கள். அமீரகச் சட்டப்படி வேலைக்கு எடுப்பதற்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது. இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று பாருங்கள், பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நகையை அடகு வைத்துப் போய் ஏமாந்து திரும்பியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பெரிய பெயர் ஒன்று செய்தியில் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆள் கிளம்புவார்கள். கட்டுமான வேலைக்கு ஆள் தேவைப்படும், அது உண்மைதான், அதுவும் பதிவு பெற்ற வழியாக மட்டும்.

இங்கிருந்து போவது கஷ்டமா?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ரெண்டு மணி நேரப் பயணம், அங்கிருந்து அபுதாபி சுமார் நாலு மணி நேரம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சென்னை போய்ச் சேர ராத்திரி முழுக்க ஆகும். ஓணம், பள்ளி விடுமுறை நாட்களில் டிக்கெட் விலை ஏறும் என்பது கல்ஃப் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் மகளுக்கு மூன்று வயது. அவள் எதில் ஏற முடியும்?

திறக்கும்போது அவளுக்குப் பத்து வயது போல ஆகியிருக்கும். டிஸ்னியில் வயதைப் பார்க்க மாட்டார்கள், உயரத்தைத்தான் அளப்பார்கள். சின்னக் கோஸ்டருக்கு 97 சென்டிமீட்டர், இமயமலைக் கோஸ்டருக்கு 112, ஷாங்காயில் டிரான் பைக்குக்கு 122. பத்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் இந்த எல்லாவற்றையும் தாண்டியிருப்பார்கள், எனவே பெரிய ரைடுகளையே இப்போதிருந்து காட்டிப் பழக்கலாம். ஒரே ஒரு விஷயம், சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். இதற்காகவே இப்போது எடுத்தால் பார்க் திறப்பதற்கு முன்பே காலாவதியாகிவிடும், அதனால் திறப்புத் தேதி வந்தபின் எடுத்தால் போதும்.